ஜப்பானில் பக்கத்துத் தெரு இசகாயாவுக்குள் முதல்முறை நுழைபவர்களுக்கு

ஜப்பானுக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்தவர்கள் எல்லோருடைய வீட்டுப் பக்கத்திலும் இப்படி ஓர் இசகாயா, அதாவது மதுவோடு சின்னச் சின்னத் தட்டுகளில் சாப்பாடும் தரும் கடை, இருக்கும். ரயில் நிலையத்திலிருந்து நடந்து வரும் வழியில், சலவைக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே, புகையேறிய மரக்கதவு, வாசலில் ஒரு சிவப்புக் காகித விளக்கு. உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது, சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்கும். மொழி தெரியாது, மெனு புரியாது, தனியாகப் போய் என்ன செய்வது என்று யோசித்தே மாதக்கணக்கில் அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருப்போம்.

அந்தக் கடைக்குள் போங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். குடிக்கிறவர்களுக்கு மட்டும் சொல்லவில்லை, சாப்பாட்டுக்காகச் சொல்கிறேன்.

காரணம் எளிமையானது. எட்டுப் பேரோ பத்துப் பேரோ உட்காரும் கவுண்டர், அதற்கு அந்தப் பக்கம் ஒரே ஒருவர் சமைக்கிறார், பல கடைகளில் அவர்தான் முதலாளியும். எதிரே இருப்பவர்களில் பாதிப்பேர் வாராவாரம் வருகிறவர்கள். உருளைக்கிழங்கு சாலட்டில் உப்பு கூடினால் அங்கேயே சொல்லிவிடுவார்கள், இரண்டு தடவை கூடினால் வருவதை நிறுத்திவிடுவார்கள். சுற்றுலாப் பயணிகளை நம்பி நடக்கும் தெருக்களில் இந்தக் கட்டாயம் கிடையாது. கட்டடம் பழசு, நாற்காலி ஆடும், சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு, ஆனால் 400 யென்னுக்கு வரும் ஒரு சின்னக் கிண்ணத்தில் காலையிலிருந்து செய்த வேலை இருக்கும்.

மது விற்பவர் கூடவே நல்ல தீனியும் கொடுத்துக் கூட்டம் சேர்ப்பது இங்கே பழைய பழக்கம். இன்றைய டோக்கியோவின் கண்டா பகுதியில் 1596-இல் தொடங்கிய தோஷிமாயா என்ற சாக்கே (அரிசி மது) கடை, மிசோ என்ற புளித்த சோயா விழுது தடவிச் சுட்ட தோஃபுவைப் பெரிய துண்டாக மலிவாகக் கொடுத்து எடோ (டோக்கியோவின் பழைய பெயர்) நகரத்துக் கூலிக்காரர்களை இழுத்தது என்று சொல்வார்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் ஷின்ஜுகு ரயில் நிலையத்தின் மேற்குப் பக்கம் முளைத்த கறுப்புச் சந்தையில் மாவு, அரிசி எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு. மாட்டுக் குடலுக்கும் பன்றிக் குடலுக்கும் மட்டும் இல்லை. அதை வாங்கிச் சுட்டு விற்ற கடைகள்தான் இன்று ஒமோய்தே யோகோச்சோ என்ற சந்தாக நிற்கின்றன. இல்லாமையில் பிறந்த கைப்பக்குவம் இன்னும் அடுப்பில் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

முதலில் கடையைத் தேர்ந்தெடுப்பது

பெரிய சங்கிலிக் கடைகளில் படம் போட்ட மெனுவும் தொடுதிரையும் இருக்கும், பழகுவதற்கு ஒருமுறை அங்கே போகலாம், தப்பில்லை. ஆனால் தேட வேண்டியது கையால் எழுதிய பட்டியல் உள்ள கடையை. வாசலில் கரும்பலகையோ வெள்ளைப் பலகையோ வைத்து, இன்றைய பண்டங்களை எழுதி, தீர்ந்துபோனதை அடித்திருந்தால் அது நல்ல அறிகுறி. ஒவ்வொரு நாளும் அழித்து எழுதுகிறவர் ஒவ்வொரு நாளும் சந்தையைப் பார்க்கிறார் என்று அர்த்தம்.

வாசலில் துணித் திரை, அதாவது நோரென், தொங்கினால் கடை திறந்திருக்கிறது. அதை உள்ளே எடுத்து வைத்துவிட்டால் மூடியாயிற்று, விளக்கு எரிந்தாலும் நுழையக் கூடாது. வேலை நாட்களில் பெரும்பாலான கடைகள் சாயங்காலம் ஐந்து மணிக்குத் திறக்கும். முதல்முறை போகிறவர்களுக்கு அந்த ஐந்து, ஐந்தரை மணிதான் சரியான நேரம், ஏனென்றால் கடைக்காரருக்கு உங்களுடன் பேசக் கொஞ்சம் அவகாசம் இருக்கும், இடமும் இருக்கும். வெள்ளிக்கிழமை எட்டு மணிக்குப் போய் நின்றால் கதவிலேயே கையை விரித்துவிடுவார்கள். பச்சை மீன் சாப்பிட ஆசை என்றால் கிழமையையும் பாருங்கள். டோக்கியோவில் 2018-இல் த்சுகிஜியிலிருந்து மாறிய தோயோசு மீன் சந்தைக்கு ஞாயிறு விடுமுறை, பல புதன்கிழமைகளும் விடுமுறை.

இரண்டு எச்சரிக்கை. தெருவில் நின்று உங்களைக் கூப்பிட்டு, கையைப் பிடித்து அழைத்துப் போகும் ஆளின் பின்னால் எந்தக் கடைக்கும் போக வேண்டாம். ஷின்ஜுகு கபுகிச்சோ மாதிரி இடங்களில் ஒலிபெருக்கியிலேயே இதைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள், அப்படிப் போனவர்களிடம் பில் என்ற பெயரில் பெரும்பணம் பிடுங்கிய கதைகள் நிறைய. இன்னொன்று, 'ஸ்நாக்' என்று பலகை போட்டிருக்கும் கடை தீனிக்கடை இல்லை. அது ஓர் அம்மா நடத்தும் பேச்சும் பாட்டுமான மதுக்கடை, உட்கார்ந்தாலே தனிக் கட்டணம் உண்டு. பசிக்கு அங்கே போகாதீர்கள்.

சிகரெட் புகை ஒத்துக்கொள்ளாதவர்கள் வாசலில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். 2020 ஏப்ரலில் வந்த சட்டப்படி உணவகங்களுக்குள் புகைக்கத் தடைதான் என்றாலும், அதற்கு முன்பிருந்தே நடக்கும் சிறு கடைகளுக்கு விலக்கு இருக்கிறது. டோக்கியோவில் விதி இன்னும் கடுமை, ஆள் வைத்து நடத்தும் கடைக்கு இந்த விலக்கு இல்லை. புகைக்க அனுமதி உள்ள கடைக்குள் 20 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் வரக் கூடாது, ஆகவே குழந்தையோடு போவதாக இருந்தால் இதை முதலில் பார்க்க வேண்டும். மது குடிக்கும் வயதும் 20தான். 2022-இல் சட்டப்படி மேஜர் ஆகும் வயதை 18 ஆக்கினார்கள், ஆனால் மதுவுக்கு அது பொருந்தாது, கல்லூரிக்கு வந்திருக்கும் பிள்ளைகள் கவனிக்கவும்.

கதவைத் திறந்ததும்

தனியாகவோ இரண்டு பேராகவோ போங்கள். ஐந்தாறு நண்பர்களோடு சின்னக் கடைக்குப் போனால் நீங்களே பாதிக் கடையை அடைத்துவிடுவீர்கள், அவர்களுக்கும் சிரமம், உங்களுக்கும் சமையல் பக்கத்தில் இடம் கிடைக்காது.

கதவைத் தள்ளி, உள்ளே போகாமல் அங்கேயே நின்று ஒரு விரலைக் காட்டி "ஹிதோரி தெசு கெதோ, இய் தெசு கா" என்று கேளுங்கள். ஒருவர்தான், வரலாமா என்று கேட்பது அது. இரண்டு பேர் என்றால் ஹிதோரிக்குப் பதில் "ஃபுதாரி". அவர் கையைக் காட்டும் இடத்தில்தான் உட்கார வேண்டும். காலியாக இருக்கும் மூலை நாற்காலி தினமும் வரும் ஒரு பெரியவருக்காகக் காத்திருக்கலாம், அதில் நாமாகப் போய் உட்கார்ந்துவிடக் கூடாது. வேண்டாம் என்று கையைக் குறுக்கே வைத்துக் காட்டினால் மனம் நோக வேண்டியதில்லை, பெரும்பாலும் இடம் இல்லை என்பதுதான் காரணம், தலையை லேசாகக் குனிந்துவிட்டு அடுத்த கடை பாருங்கள்.

உட்கார்ந்ததும் கைதுடைக்க ஈரத் துண்டு வரும், கூடவே என்ன குடிக்கிறீர்கள் என்ற கேள்வி. இங்கே சாப்பாட்டு மெனுவைப் புரட்டிக்கொண்டு நிற்க வேண்டாம், குடிப்பது முதலில், சாப்பாடு அப்புறம். "தோரியாஎசு நாமா" என்றால் முதலில் ஒரு டிராஃப்ட் பீர் வந்துவிடும். குடிக்காதவர்கள் தயங்கவே வேண்டாம், "ஊலோங்ச்சா" என்று சொன்னால் குளிர்ந்த ஊலோங் தேநீர் வரும், யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் தலைக்கு ஒரு பானமாவது வாங்குவது மரியாதை, கடையின் வருமானம் அதில்தான். வெறும் தண்ணீரோடு மூன்று தட்டு வாங்கிச் சாப்பிடுவது சரியில்லை.

பழைய டோக்கியோ கடைகளில் ஹோப்பி என்று ஒன்று பார்ப்பீர்கள். 1948-இல் வந்தது, பீர் மாதிரி சுவை, அதில் ஆல்கஹால் 0.8 சதவீதம்தான். ஒரு கண்ணாடிக் குவளையில் ஐஸும் ஷோச்சூ என்ற சாராயமும், பக்கத்தில் ஹோப்பி பாட்டிலும் தனித்தனியாக வைப்பார்கள், கலப்பது நம் வேலை. சாராயம் தீர்ந்து பாட்டிலில் மிச்சம் இருந்தால் "நாகா" என்று கேட்க வேண்டும், பாட்டில் தீர்ந்தால் "சொதோ". இதைச் சரியாகச் சொன்னால் பக்கத்து நாற்காலிக்காரரே பேச ஆரம்பித்துவிடுவார்.

கேட்காமல் வரும் கிண்ணம்

பானத்தோடு நீங்கள் கேட்காத ஒரு சின்னக் கிண்ணம் வரும். புதிதாக வந்தவர்கள் கோபப்படுவது இந்த இடத்தில்தான், பில்லில் அதற்கும் காசு போட்டிருப்பார்கள், சாதாரணமாக 300 முதல் 500 யென் வரை. இதற்கு ஒதோஷி என்று பெயர், ஓசாகா பக்கம் த்சுகிதாஷி. உட்காரும் இடத்துக்கான கட்டணம் என்று வைத்துக்கொள்ளுங்கள், திருப்பி அனுப்புவது வழக்கமில்லை. ஒத்துக்கொள்ளாத உணவு ஏதாவது இருந்தால் மட்டும் வருவதற்கு முன்பே சொல்லுங்கள், மாற்றித் தருகிறார்கள்.

எனக்கு இந்தக் கிண்ணம் மிகவும் பிடிக்கும், ஏனென்றால் ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே அப்படியே பொருந்தும். நல்ல கடையில் அந்தக் கிண்ணத்தில் சோயாவில் மெதுவாக வேகவைத்த ஹிஜிகி கடற்பாசியும் கேரட்டும் இருக்கும், இல்லாவிட்டால் பொரித்துப் புளிக்காடியில் ஊறவைத்த குட்டி மீன், கூடவே மெல்லிசாக வெங்காயம், ஒரு காய்ந்த மிளகாய் வளையம். குளிர்ந்து பரிமாறினாலும் வெங்காயம் கடிக்கையில் நறுக்கென்று இருக்கிறதா, புளிப்பு மீனின் முள்வரை இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அன்றைக்கு அந்தக் கடையில் தைரியமாக ஐந்தாறு தட்டு வாங்கலாம். பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டிய பண்டம் வந்தால் குடித்ததோடு எழுந்துவிடலாம், நஷ்டம் பெரிதில்லை.

எதை, எப்படி வாங்குவது

ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் ஆர்டர் செய்யாதீர்கள். நம் ஊர் ஓட்டல் பழக்கத்தில் நாலைந்து தட்டைச் சேர்த்துச் சொல்லிவிட்டால், தனி ஆளாகச் சமைக்கிறவருக்குத் திணறல், நமக்கும் பாதி ஆறிப்போய்த்தான் வந்து சேரும். இரண்டு தட்டு, சாப்பிட்டு முடித்ததும் இன்னும் இரண்டு. தட்டுகள் சின்னவை, 300 யென்னில் தொடங்கி 700, 800 வரை, அதனால் பிடிக்காவிட்டாலும் இழப்பு குறைவு, பிடித்தால் இன்னொன்று.

கையெழுத்து மெனுவை மொபைல் மொழிபெயர்ப்புக் கேமராவில் காட்டினால் பாதி நேரம் உளறும். அதைவிட நான்கு சொல்லைக் காதில் ஏற்றிக்கொள்ளுங்கள்: யாகி என்றால் சுட்டது, அகெ என்றால் பொரித்தது, நி என்றால் வேகவைத்தது, சாஷிமி என்றால் பச்சை. அப்புறம் கோழிக்கு தோரி, பன்றிக்கு புதா, மாட்டுக்கு க்யூ. பெயர் தெரியாத பண்டத்துக்கு விரலால் சுட்டிக்காட்டி இந்தச் சொற்களில் ஒன்றைக் கேட்டாலே ஆமாம், இல்லை என்று பதில் வந்துவிடும். இதைவிடச் சுலபம், பக்கத்து ஆள் சாப்பிடுவது நன்றாக இருப்பதுபோல் தெரிந்தால் கடைக்காரரிடம் "அரே, ஹிதோத்சு" என்று காட்டிச் சொல்வது. அதைப் பார்த்து அந்தப் பக்கத்து ஆளும் சந்தோஷப்படுவார்.

முதல் தட்டு உருளைக்கிழங்கு சாலட். சிரிக்காதீர்கள், இசகாயாவுக்கு இசகாயா இது வேறாக இருக்கும். ஒருவர் பாதி மசித்துக் கட்டி கட்டியாக விடுவார், ஒருவர் புகையூட்டிய முள்ளங்கி ஊறுகாயைப் பொடியாக நறுக்கிச் சேர்ப்பார், மேலே வேகாத மஞ்சள் கருவோடு அவித்த முட்டையை வைப்பார் இன்னொருவர்.

இரண்டாவது, கவுண்டர் மேல் பெரிய அண்டாவில் ஏதாவது கொதித்துக்கொண்டிருந்தால் அதைத்தான் கேட்க வேண்டும். அது பெரும்பாலும் மொத்சு நிகோமி, பன்றி அல்லது மாட்டுக் குடலை மிசோவிலும் முள்ளங்கியிலும் கொன்யாக்கு கிழங்குக் கட்டியிலும் மணிக்கணக்காக வேகவிட்டது. குடல் கறி சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இது வேற்று நாட்டுச் சாப்பாடாகவே தோன்றாது. நல்ல இடத்தில் நாற்றம் துளியும் இருக்காது, குடல் நாக்கில் வைத்ததும் வழுக்கிக் கரையும், மேலே தூவிய பச்சை வெங்காயத்தாள் மட்டும் மொறுமொறுக்கும். ஷிச்சிமி என்ற ஏழு பொருள் மிளகாய்ப்பொடி டப்பா மேசையிலேயே இருக்கும், காரம் பழகிய நாக்குக்கு அது தேவைப்படும். கிண்ணத்தில் மிஞ்சும் குழம்பைத் தொட்டுக்கொள்ள ரொட்டி தரும் கடைகளும் உண்டு, கேட்டுப் பார்க்கலாம்.

அப்புறம் யாகிதோரி, கரியடுப்பில் சுட்ட கோழிக் குச்சிகள். ஒவ்வொரு உறுப்பும் தனிக்குச்சி: நெகிமா தொடைக்கறியும் வெங்காயத்தாளும், கவா தோல், சுனாகிமோ இரைப்பை, ஹாத்சு இதயம், த்சுகுனே கொத்துக்கறி உருண்டை. உப்பா சாஸா என்று கேட்பார்கள், ஷியோ என்றால் உப்பு, தாரே என்றால் இனிப்புச் சோயா. என் கருத்து, இரைப்பையும் தோலும் உப்பில், கொத்துக்கறியும் ஈரலும் தாரேயில். சில கடைகளில் ஒரு வகையில் குறைந்தது இரண்டு குச்சி வாங்க வேண்டும். குச்சியிலிருந்து கறியை உருவித் தட்டில் போட்டுப் பங்கு போடாமல், சுடச்சுட அப்படியே கடித்துச் சாப்பிடுங்கள், சுட்டுக் கொடுத்தவர் எதிரிலேயே நிற்கிறார்.

பலகையில் பருவத்துக்கு ஏற்ற பெயர் ஏதாவது தெரிந்தால் மற்றதை விட்டுவிட்டு அதை வாங்குங்கள். வசந்தத்தில் மூங்கில் குருத்து, கோடை தொடங்கும்போது தோலோடு சுட்ட சோராமாமே என்ற பெரிய அவரை, இலையுதிர்காலத்தில் சன்மா மீன், குளிரில் ஓதென் என்ற, சாற்றில் வேகவைத்த பண்டங்களும் புரி மீனும். என்ன நல்லது என்றே தெரியாவிட்டால் "ஓசுசுமே வா?" என்று கேட்டாலே போதும், அவர் கை எதைக் காட்டுகிறதோ அது.

பச்சையாக வருவதில் மீனைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். மாட்டு ஈரலைப் பச்சையாகப் பரிமாற 2012-இலும், பன்றியைப் பச்சையாகப் பரிமாற 2015-இலும் தடை வந்துவிட்டது. பச்சைக் கோழிக்கு நாடு முழுவதற்குமான அப்படி ஒரு தடை இல்லை, சில கடைகளில் மெனுவில் இருக்கும், ஆனால் காம்பிலோபாக்டர் கிருமியால் வயிறு கெடும் ஆபத்து அதில் உண்மையாகவே உண்டு. வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

சைவம், பன்றி, மாடு

இதில் ஒளிவுமறைவு வேண்டாம். ஜப்பானியச் சமையலின் அடிப்படைச் சாறான தாஷி பெரும்பாலும் உலர்ந்த கத்சுவோ மீனில் செய்வது, அது குழம்பில், முட்டையில், தோஃபு மேல் ஊற்றும் சாற்றில், எங்கும் இருக்கும். கண்டிப்பான சைவர்களுக்கு உறுதியாகக் கிடைப்பது: உப்புப் போட்டு அவித்த எதாமாமே என்ற பச்சைச் சோயா காய், வெட்டிய தக்காளி, உப்போடு வறுத்த கிங்கோ கொட்டை, உப்பு மட்டும் போட்டுச் சுட்ட காளான். குளிர்ந்த தோஃபுவும் சுட்ட கத்தரிக்காயும் மேலே மீன் சீவல் தூவித்தான் வரும், "கத்சுவோபுஷி நாஷி தெ" என்று சொன்னால் தூவாமல் தருவார்கள், மேலே நீங்களே சோயா ஊற்றிக்கொள்ளலாம். உருளைக்கிழங்கு சாலட்டில் ஹாம் இருக்கும், கொரொக்கே என்ற கட்லெட்டில் கொத்துக்கறி இருக்கும், கேட்காமல் வாங்க வேண்டாம். பன்றி மட்டும் ஆகாது என்றால் "புதா தாபெராரெமாசென்" என்று உட்கார்ந்ததுமே சொல்லிவிடுங்கள். ஹலால் பார்க்கிறவர்களுக்கு இந்தக் கடைகள் ஒத்துவராது, சமையலிலேயே சாக்கேயும் மிரின் என்ற இனிப்பு அரிசி மதுவும் சேரும்.

எழுந்து வருவது

ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் சின்னக் கடையில் உட்கார்ந்திருப்பது, அதுவும் வாசலில் ஆள் நிற்கும்போது, நன்றாக இருக்காது. சாப்பாட்டுக்கான கடைசி ஆர்டரைக் கடை மூடுவதற்கு அரை மணி நேரம் முன்பே எடுத்துவிடுவார்கள், ஆகவே கடைசியில் வயிற்றை நிரப்பும் சுட்ட ஓனிகிரியோ ஊறுகாய்ச் சாதமோ வேண்டுமானால் அதற்குள் சொல்லுங்கள். பில்லுக்கு "ஓகாய்கேய் ஒனெகாய்ஷிமாசு", சத்தத்தில் கேட்காது என்றால் இரண்டு ஆள்காட்டி விரலையும் பெருக்கல் குறிபோல் வைத்துக் காட்டினால் புரிந்துகொள்வார்கள். ரொக்கம் கையில் இருக்கட்டும், கார்டு வாங்காத கடைகள் இன்னும் நிறைய. டிப்ஸ் கிடையாது, வைத்துவிட்டு வந்தால் மறந்து வைத்ததாக நினைத்துத் தெருவில் ஓடி வந்து கொடுப்பார்கள். இரண்டு பானம், நாலைந்து தட்டு, ஒதோஷி எல்லாம் சேர்த்து தலைக்கு 2,500 முதல் 3,500 யென்னுக்குள் முடிந்துவிடும். கிளம்பும்போது சமைத்தவரைப் பார்த்து "கொச்சிசோசாமா தெஷ்தா" என்று சொல்லுங்கள், இதை மட்டும் விடவே கூடாது.

சைக்கிளில் போயிருந்தால் குடித்தபின் அதில் ஏறாதீர்கள். 2024 நவம்பர் 1 முதல் மூச்சில் ஒரு லிட்டருக்கு 0.15 மில்லிகிராம் ஆல்கஹால் இருந்தாலே சைக்கிள்காரருக்கும் மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஐந்து லட்சம் யென் வரை அபராதம், ஓட்டப் போகிறவர் என்று தெரிந்தே ஊற்றிக் கொடுத்தவருக்கும் தண்டனை உண்டு. தள்ளிக்கொண்டு நடந்து போகலாம். அடுத்த தடவை போக நினைத்தால் இரண்டு மூன்று வாரத்துக்குள் போங்கள், முகம் நினைவிருக்கும், பலகையில் எழுதாத பண்டம் ஏதாவது இருந்தால் அவரே சொல்வார்.